கயிறு எரியும் மட்டும்

மோட்டாருக்கு வயிறு கிடையாது. எஞ்சினுக்கு இருந்தது.

குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எங்கள் கிணற்று மேட்டில் ஓர் ஆயில் எஞ்சின் இருந்தது. ஊற்றிய எண்ணெய்க்குத்தான் ஓடும். இன்றைக்கு இவ்வளவு இறைத்தால் போதும் என்று தோன்றினால், அதற்குத் தக்கபடி ஒரு போணியில் அளந்து ஊற்றிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்திக்குப் போய்விடலாம். எண்ணெய் தீர்ந்ததும் எஞ்சின் இருமும், குலுங்கும், கடைசியாக ஒரு வாய் கரும்புகை விட்டு அடங்கும். ஆனால் அப்படி வெறும் வயிற்றோடு நின்ற எஞ்சினின் குழாய்க்குள் காற்று ஏறிக்கொள்ளும். மறுநாள் நட்டைத் தளர்த்தி, அந்தக் காற்று முழுக்க நுரைத்து வெளியேறும்வரை கையால் அடித்து அடித்து, முகமெல்லாம் எண்ணெய் வழிய, என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் ஒருவரையொருவர் வைதுகொண்டே அதற்கு உயிர் கொடுப்பார்கள். அந்த வசவுச் சத்தத்தில்தான் அந்த வீட்டில் எனக்குப் பொழுது விடிந்தது.

பிறகு கம்பம் நட்டார்கள். கம்பி இழுத்தார்கள். அறுபதுகளின் தொடக்கம். எஞ்சினைப் பேரீச்சம்பழக்காரனுக்குப் போடாத குறையாகக் கழற்றி ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் மோட்டார் வந்து உட்கார்ந்தது. ஓலைக் கொட்டகையின் மண்சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, அதன் விலாவில் ஒரு கைப்பிடி. மேலே தூக்கினால் ஓடும். கீழே இழுத்தால் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் அதற்கு ஒன்றும் தெரியாது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, குழாயின் அடி சேற்றைத் தொட்டுவிட்டதா, பாத்தி நிரம்பிற்றா, வரப்பு உடைந்து ஓடைக்குப் போகிறதா, எதுவும் தெரியாது. தூக்கிவிட்டவன் செத்து விழுந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். ஊரே அதன் சத்தத்தைக் கேட்டுக் கைதட்டியது. நான் கைதட்டவில்லை.

கிணறு பொது. கிணற்றை ஒட்டிய நிலம் மூத்தாருக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு. அதையும் தாண்டி, நீண்ட வாய்க்காலின் கடைசியில் கிடந்தது எங்கள் பங்கு. காலை முறை அவருக்கு. மத்தியானம் கிணறு கொஞ்சம் ஊறிய பிறகு வரும் முறை எங்களுக்கு. எவ்வளவு நேரம் என்று பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. "போதும்னு தோணுறப்ப நிறுத்திக்கிருவோம், என்னடா?" என்றார் மூத்தார். யாருக்கும் போதும் என்று தோன்றவில்லை.

"அண்ணே, நிறுத்துங்க. தண்ணி கலங்கி வருது."

"செத்த நேரம்லே. அந்த மூலப் பாத்தி இன்னும் நனையல."

"அப்ப எங்க முறைக்குக் கிணத்துல சேறா அள்ளுறது?"

"நீ மட்டும் நேத்து நிறுத்துனியாக்கும்? உன் பொண்டாட்டி வரப்புல நின்னுக்கிட்டு இன்னும் செத்த, இன்னும் செத்தன்னு கைய ஆட்டுனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

ஆட்டினேன்தான். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது போதும் என்று சொல்லக்கூடிய மனுஷியை நான் அந்தக் காட்டில் பார்த்ததில்லை. மனிதனை நிறுத்தும் வேலைக்கு வைத்தால் அவனிடம் கெஞ்சலாம், கோபிக்கலாம், சோறு போட்டு மயக்கலாம். அப்படி எல்லோரும் எல்லோரிடமும் கேட்டு வாங்கிய செத்த நேரங்கள் சேர்ந்து, ஒரு கோடையில், கிணறு அடியோடு வற்றிய பிறகும் மோட்டார் ஓடியது. பம்பு காய்ந்து இறுகியது. இறுகியதைச் சுற்ற முடியாமல் மோட்டார் திணறி, உள்ளே சுற்றியிருந்த செப்புக் கம்பிக் காயில் கருகியது. அரக்கும் முடியும் சேர்ந்து எரிந்தது போல ஒரு நாற்றம். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சோற்றிலும் அது இருந்தது.

மோட்டாரைச் சாக்கில் கட்டிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் பஸ்ஸில் திண்டுக்கல் போனோம். பேகம்பூர் பக்கம் ஒரு சந்தில் காயில் கட்டும் கடை. கடைக்கார பாய் சாக்கை அவிழ்க்குமுன்பே மூக்கைச் சுளித்தார்.

"என்ன தம்பி, நல்லா முறுகலா வறுத்துட்டீங்க போல?"

"தண்ணி இல்லாம ஓடிருச்சு பாய்."

"ஓடும். ஓடச் சொன்னா ஓடாம என்ன செய்யும்? நிறுத்த ஆளு யாரு இருந்தா?"

"எல்லாரும் இருந்தோம்."

"அப்ப யாருமே இல்லேன்னு சொல்லுங்க." மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "சரி, அதுக்கு முன்ன பீஸ் கம்பி எரிஞ்சு போயிருக்கணுமே. ஏன் போகல?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: "அது அடிக்கடி போகுதுன்னு கெட்டிக் கம்பி போட்டுருக்காங்க."

பாய் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரே வைத்தியந்தாம்மா ஊரு பூரா! போன வாரம் ஒருத்தர் பீஸ்ல சைக்கிள் போக்ஸ் கம்பியை மாட்டிக் கொண்டாந்தாரு. மோட்டார் எரிஞ்சு, கொட்டகை எரிஞ்சு, அந்தக் கம்பி மட்டும் புதுசா பளபளன்னு இருந்துச்சு. எடுத்து சைக்கிள்ல மாட்டிக்கிட்டுப் போங்கன்னேன்."

நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு, மோட்டாரை அங்கே போட்டுவிட்டு நான் தனியாக ஊர் திரும்பினேன். காயில் கட்டும் கூலிக்காக என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லிலேயே தோல் ஷாப்பில் வேலைக்கு நின்றுவிட்டார். தோல் பதனிடும் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கித் தோலைப் புரட்டிப் போடும் வேலை. ஊரில் மிளகாய்ச் செடி நின்ற நிலையிலேயே காய்ந்தது. ஆளில்லாத கிணற்று மேட்டில் மோட்டார் இருந்த நான்கு போல்ட்டு மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாதங்கள் கழித்து அவர் மோட்டாரோடு வந்திறங்கியபோது நான் மோட்டாரைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனிகளில் ரேகை இல்லை. நகக்கண்களில் மாவு போல வெள்ளை. உள்ளங்கை வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பு தெரிந்தது. ரசம் பட்டால் எரிகிறது என்று சோற்றைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார், ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி.

"இனி அங்க போக மாட்டேன் புள்ள," என்றார். "போகணும்னா என்னையும் உப்புத் தடவி, மடிச்சு, தோலோட தோலாத்தான் கட்டி அனுப்பணும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அதை வேண்டுதல் மாதிரி மனத்தில் முடிந்துகொண்டேன். இவர் அந்தக் குழிக்குத் திரும்பக் கூடாது. அதற்கு மேல் எனக்கு அந்த வருஷங்களில் ஆசை ஒன்றும் இருந்ததாக ஞாபகமில்லை.

மோட்டாரோடு இன்னொன்றும் கொண்டுவந்திருந்தார். ஒரு சுருள் தேங்காய்நார்க் கயிறு. பெட்டிக்கடை வாசலில் பீடி பற்றவைக்கத் தொங்குமே, நுனியில் கங்கு கனிந்துகொண்டு, அணையாமல், அவசரப்படாமல் எரிந்து ஏறிக்கொண்டே இருக்குமே, அந்தக் கயிறு. தோல் ஷாப்பு வாசல் கடையில் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். யார் வந்தாலும் போனாலும் அது தன் போக்கில் எரிந்ததாம்.

கொட்டகையில் இரண்டு நாள் ஏதோ கட்டிக் கட்டி அவிழ்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போனார். மூத்தாரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன்டி, மோட்டாருக்கு மசால் அரைச்சு ஊத்தப் போறானா உன் புருசன்?"

"தெரியலக்கா."

"கேட்டு வையி. நாளைக்கு உரலையும் தூக்கிட்டுப் போயிட்டான்னா மாவு எதுல ஆட்டுறது, அவன் தலையிலயா?"

அவர் செய்தது இதுதான். குழவியைச் சுவிட்சுக் கைப்பிடியோடு ஒரு வடத்தால் பிணைத்தார். விட்டத்திலிருந்து ஒரு மெல்லிய நூல்கயிற்றில் குழவியைத் தொங்கவிட்டார். அந்த மெல்லிய கயிற்றில் நார்க் கயிற்றின் ஒரு முனையை முடிச்சுப் போட்டார். நார்க் கயிற்றின் மறுமுனையில் நெருப்பு வைத்தார். கைப்பிடியை மேலே தூக்கினார். மோட்டார் ஓடியது. கங்கு ஊர்ந்தது. நாங்கள் நால்வரும் கொட்டகைக்குள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்கள் போல நின்றோம். கங்கு முடிச்சைத் தொட்டது. மெல்லிய கயிறு சுருண்டு அறுந்தது. குழவி விழுந்தது, கைப்பிடியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு. மோட்டார் நின்றது.

மூத்தார்தான் முதலில் வாய் திறந்தார். "ஏலே, இவன்கிட்டக் கெஞ்ச முடியாதேடா!"

"அதுக்குத்தாண்ணே."

"பீடி குடுத்தாக்கூட வாங்க மாட்டானே!"

"அவனே பீடி பத்த வைக்கிறவன்," என்றாள் ஓரகத்தி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காலைக்கு மூன்று முழம், மத்தியானத்துக்கு மூன்று முழம் என்று பேசினார்கள். யார் கை முழம் என்று அடுத்த சண்டை. மூத்தாருக்கு நீண்ட கை. என் வீட்டுக்காரருக்குக் குட்டைக் கை. கடைசியில் இரண்டு முறைக்கும் மூத்தாரின் கையே அளவு என்று முடிவாயிற்று. ஒரு முழம் எரிவதற்குள் நான் உலை வைத்து, சோறு வடித்து, வெஞ்சனமும் தாளித்து இறக்கிவிடுவேன். அதன் பிறகு மோட்டார் ஓடும் நேரம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நெருப்பால் அளந்த நேரம் ஆனது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். யாரும் மறுக்க வேண்டாம். தண்ணீர் பாத்தியின் நடுவில் வந்துகொண்டிருக்கும்போதே நிற்கும். நின்றால் நின்றதுதான். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். அந்த ஒரு வருஷம் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

அந்த வருஷம்தான் எங்கள் பங்கில் மல்லிப்பூச் செடி வைத்தோம். ஒன்பது பாத்தி. மல்லி வெயிலுக்குப் பூக்கும் செடி. ஊர் கருகிக் கிடக்கும்போது அது பூக்கும், காலில் தண்ணீர் இருந்தால். திண்டுக்கல் பூக்கடைக்குக் காலை பஸ்ஸில் கூடை ஏறினால் அவர் இங்கேயே இருக்கலாம். கூடை ஏறாவிட்டால் கூடை ஏறும் பஸ்ஸில் அவர் ஏற வேண்டும். அவ்வளவு சின்னக் கணக்கு. நான் அதைச் செடியிடமும் சொல்லியிருக்கிறேன், தனியாக இருக்கும்போது, மண் அணைத்துக்கொண்டே.

முதல் கோடையில் ஒன்பது பாத்தியும் பூத்தது. அதைப் பற்றி எழுதினால் நான் பொய் கலந்துவிடுவேன். பூத்தது. அவ்வளவு போதும்.

அடுத்த கோடையில் கிணறு இறங்கியது. சுற்றிலும் மோட்டார் சத்தம். எல்லாக் காட்டிலும் பச்சைக் கைப்பிடி, சிவப்புக் கைப்பிடி, ஓடுகிறவை, ஓடிக்கொண்டேயிருக்கிறவை. பூமிக்கு அடியில் எல்லாக் கிணறும் ஒரே கிணறுதான் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. எங்கள் மூன்று முழம் இரண்டானது. இரண்டு ஒன்றானது. குறைத்தது மூத்தார்தான், ஆனால் தன் முறைக்கும் அதே அளவுதான் குறைத்தார். குழாயின் அடிக்குமேல் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அது பம்பின் உயிர்த் தண்ணீர். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கையைக் கயிற்றோரம் நீட்டி, தன் முழங்கையையே நம்பாதவர் போல ஒரு விரல் கூட்டி ஒரு விரல் குறைத்து அளப்பார்.

எனக்கு அப்போதுதான் வாய்க்கால் தெரிய வந்தது. அதுவரை அது தண்ணீர் வரும் வழி. இப்போது அது குடிக்கும் வாய். மூன்று முழம் எரிந்த காலத்தில் வாய்க்கால் குடித்ததை நாங்கள் கவனிக்கவில்லை. குடித்தது போக மிச்சம் வந்தது. ஒரு முழமானபோது பாதி வாய்க்காலுக்குப் போனது. மறுநாளைக்குள் வெயில் அதை மறுபடியும் ஓடாகக் காயவைத்துவிடும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து குடிக்கும். நேற்று நனைத்தது நேற்றோடு சரி. ஒவ்வொரு மத்தியானமும் தண்ணீர் கிணற்று மேட்டிலிருந்து பிறந்து வரும். நான் அதன் தலைக்கு முன்னால் நடப்பேன். சருகும் எறும்பும் நுரையுமாக, பாம்பு போல நாக்கை நீட்டி நீட்டி வரும். மூத்தாரின் சோளத்தைத் தாண்டும். கற்றாழைப் புதரைத் தாண்டும். வா, வா, இன்னும் கொஞ்சம், என்று நான் பின்னோக்கி நடந்துகொண்டே சொல்வேன். அதன் நாக்கு தயங்கும். ஒரு கூழாங்கல்லைச் சுற்றும். சுற்றி முடிக்காமல் அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். திரும்பிப் பார்த்தால் கொட்டகையில் சத்தம் நின்றிருக்கும்.

ஒரு முழம் ஒரு சாணானது.

தண்ணீர் பாய்ந்த ஒன்பது பாத்தி ஏழானது, ஐந்தானது. பிறகு பாத்திக்கே வரவில்லை. இறைத்த தண்ணீர் முழுவதும் வாய்க்காலை நனைப்பதற்கே போதுமானதாக இருந்தது. தினமும் ஓடினோம். தினமும் நேரத்துக்கு நிறுத்தினோம். செடிக்கு ஒரு சொட்டு இல்லை. குடத்தில் சுமந்து ஊற்றினேன்; செடிக்கு ஒரு செம்பு, அதுவும் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு. களிமண்ணும் சாணியும் குழைத்து வாய்க்காலை அடிமுதல் முடிவரை மெழுகினேன், வீட்டுத் தரையை மெழுகுவது போல. ஓரகத்தி பார்த்துவிட்டு, "கோலத்தையும் போட்டுரு, தண்ணி மயங்கி வந்துரும்," என்றாள். சொல்லிவிட்டு அவளும் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து மறுபக்கத்தை மெழுகினாள். மெழுகிய களி இரண்டு வெயிலில் பாளம் பாளமாக வெடித்தது.

மூத்தாரிடம் போய்க் கேட்டேன். "மாமா, ரெண்டு நாள் முறையச் சேத்து ஒரு நாளாத் தாங்க. இன்னைக்கு எனக்கு வேணாம். நாளைக்கு ரெண்டு சாண் வச்சுக்கிர்றேன். வாய்க்கா குடிச்சது போகப் பாத்திக்கு வரும்."

அவர் என்னைக் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "எட்டிப் பாருத்தா."

பார்த்தேன். ஆழத்தில் ஒரு தட்டளவு வானம்.

"அம்புட்டுத்தான் ஊறும். இன்னைக்கு இறைக்காட்டியும் நாளைக்கு அம்புட்டேதான். கூடாது. ரெண்டு சாணு கயிறு வச்சேன்னா அடித்தண்ணியும் போயி மோட்டாரும் போயிரும். நான் என்ன செய்ய? என் முறைய வேணும்னா எடுத்துக்க. வேணாங்கல."

அவர் முறையையும் எடுத்துப் பார்த்தோம். காலையில் இறைத்துவிட்டால் மத்தியானத்துக்கு ஊறவில்லை. அவர் சொன்னதில் பிழையில்லை. அந்த மனுஷரிடம் ஒரு துளி வஞ்சனை இருந்திருந்தாலும் நான் அவரை வைது ஆறியிருப்பேன். கயிறு சரியான அளவு. நிற்கச் சொன்ன இடம் சரியான இடம். சரியானவற்றுக்கு நடுவில்தான் என் செடிகள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன.

"ஒரு மழை," என்பார் என் வீட்டுக்காரர், சாயங்காலமானால். மேற்கே பார்த்துக்கொண்டு கையைத் தேய்ப்பார். அந்தக் கையில் இதற்குள் தோல் மூடியிருந்தது, குழந்தையின் தோல் போல இளஞ்சிவப்பாக. "ஒரே ஒரு மழை பேஞ்சாப் போதும் புள்ள."

பெய்தது.

மத்தியான முறைக்குக் கயிற்றில் நெருப்பு வைத்து, கைப்பிடியைத் தூக்கிவிட்டு, அவர் பாத்திக்கு வந்து சேர்ந்திருந்தார். மேகம் கூடியது. எங்கள் முகத்தில் நாலு சொட்டு. புழுதியில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் விழுந்தன. மண் வாசனை எழுந்தது. அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றோம். அவ்வளவுதான். மேகம் கலைந்து வெயில் முன்னிலும் வெறியோடு வந்தது. குழிகள் நாங்கள் பார்க்கப் பார்க்கக் காய்ந்தன.

ஆனால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கற்றாழையைத் தாண்டி, வழக்கமாகச் சாகும் கூழாங்கற்களைத் தாண்டி, தலையைத் தூக்கிக்கொண்டு வந்தது. நான் கத்தினேன். மூத்தார் தன் சோளத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏத்தா! இது எங்கிட்டு இருந்து வருது?"

"வருது மாமா, பாருங்க, வருது!"

"ஊத்து தொறந்துக்கிச்சுடோய்!" என்று அவர் தம்பியைப் பார்த்துக் கூவினார். "நாலு சொட்டுக்கே தொறந்துக்கிச்சுடா! மேக்க எங்கயோ ஊத்தியிருக்கு. மடையத் தொற, மடையத் தொற! என்ன மசமசன்னு நிக்கிற?"

மண்வெட்டியைத் தம்பியின் கையிலிருந்து பிடுங்கி அவரே மடையை வெட்டினார். தண்ணீர் கடைசிப் பாத்திக்குள் திரும்பியது. காய்ந்த மண் சீறியது. செடிகளின் காலடியில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. ஒன்று நிரம்பியது. அடுத்தது. அடுத்தது. மூவரும் பாத்திக்குப் பாத்தி தாண்டினோம். சேறு தெறித்த மூத்தாரின் முகத்தில் பல் தெரிந்தது. "பூவா எடுத்துத் தள்ளு தாயி," என்றார் என்னிடம். "திண்டுக்கல்லுக்குக் கூடை பத்தாது, வண்டி கட்டணும்." என் வீட்டுக்காரர் சேற்றில் கையை மணிக்கட்டுவரை அமுக்கிவைத்துக்கொண்டு, சும்மா அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நேரம் அதிகமாகிவிட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை. நேரத்தைப் பார்ப்பது எங்கள் வேலையாக இல்லாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதைக் கயிறு பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாவது பாத்தியில் தண்ணீர் மெலிந்தது. காப்பிக் கலராக வந்தது. பிறகு கூழாக வந்தது. பிறகு நின்றது. தண்ணீர் நின்றும் சத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டோம்: மெல்லிசாக, உச்சிக்குப் போய், ஊளையிடுவது போல. என் வீட்டுக்காரர் ஓடினார். அவர் கற்றாழையைத் தாண்டுவதற்குள் ஊளை நின்றது. காற்று அந்த நாற்றத்தை எங்களிடம் கொண்டுவந்தது. அரக்கும் முடியும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டு அதைப் பிடித்தபடியே நின்றார். கொட்டகைக் கூரையில் ஓலை விலகிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வானம் தெரிந்தது. அதற்கு நேர் கீழே நார்க் கயிறு. நுனி கறுத்து, ஈரமாக இருந்தது. எரியாத மிச்சம் அப்படியே இருந்தது, முக்கால் சாண். குழவி கயிற்றில் லேசாகச் சுற்றிக்கொண்டு தொங்கியது. என் செடியின் ஓர் இலையை நனைக்கப் போதாத மழை, ஒரு கங்கை அணைக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது.

மூத்தார் ஈர நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு வெளியே போய்க் கிணற்று விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். உள்ளே சேறும், சேற்றில் துள்ளும் இரண்டு கெளுத்தியும். அதைப் பார்த்தபடியே, "ஊத்துன்னு நெனச்சுட்டேன்டா," என்றார். யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

இந்தத் தடவை மோட்டாரைச் சாக்கில் கட்டவில்லை. காயில் கட்டினாலும் உறிஞ்ச என்ன இருக்கிறது? அந்த வார முடிவில் என் வீட்டுக்காரர் காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டார். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, கைக்குத் தேங்காயெண்ணெய். தோல் ஷாப்பு என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "பூ வந்தா எடு," என்றார். "விட்டுராத."

வந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. தண்ணீர் கண்ட ஐந்து பாத்தியும் பத்து இருபது நாளில் தளிர்த்து, தளிர் நுனியெல்லாம் மொட்டாக வந்தது. தண்ணீர் காணாத நாலு பாத்தி விறகாக நின்றது. நடுவில் ஒரு வரப்பு. தண்ணீர் அன்றைக்கு எது வரைக்கும் வந்தது என்பதைத் தூரத்துப் பாதையில் போகிறவர்கள்கூடப் பார்க்கலாம். விடியுமுன் எழுந்து தனியாகப் பறித்தேன். கனமான மொட்டுகள். பஸ்ஸில் கூடை ஏற்றும் பூக்கடை ஆள், "ஏனுங்க, நல்லாருக்குங்களே, இன்னும் எத்தனை நாளைக்கு வருமுங்க?" என்று கேட்டார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று செடிக்கும் தெரியாது. அது தன் காலடி ஈரம் இருக்கும்வரை பூத்தது, நாளைக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல். ஈரம் தீர்ந்த பிறகும் சில நாள் பூத்தது. அப்போது பூத்தது சிறுத்து, ஓரம் சிவந்து, வாசனை மட்டும் அதிகமாக இருந்தது. பிறகு ஒரு காலை கூடையின் அடிப் பின்னல் தெரிந்தது. அடுத்த காலை நான் கூடையை எடுக்கவில்லை.

ஆடிக்காற்று தொடங்கியபோது மூத்தார் வேலி ஓரத்தில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய ஆடுகள். மேய்ச்சலுக்கு ஊரில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஏத்தா," என்றார். ஆடுகளையும் என் பாத்திகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆட்டை உள்ள விடுங்க மாமா."

"தழை இன்னும் பச்சையாத்தான் இருக்கு. ஐப்பசியில மழை கிழை பேஞ்சா..."

"விடுங்க."

அவர் வேலிப் படலைத் தொடவில்லை. ஆடுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் போய் முள்ளை ஒதுக்கிப் படலைத் திறந்தேன். ஆடுகள் என் சேலையை உரசிக்கொண்டு உள்ளே போயின. காய்ந்த பாத்திகளை அவை மோந்துகூடப் பார்க்கவில்லை. நேராக அந்த ஐந்து பாத்திக்குப் போயின.